சி சர்ட்டிஃபிகேட் வாங்கினால் நேராக ஆபீசரா?

வாசகர் கேள்வி: ஐயா, நான் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். ஊர் சங்கரன்கோவில் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில்தான் படித்தேன். ராணுவத்தில் அதிகாரியாக வேண்டும் என்பது என் ஆசை. என்சிசியில் சேர்ந்து சி சர்ட்டிஃபிகேட் வாங்கிவிட்டால் பரீட்சையே இல்லாமல் நேராக ஆபீசர் ஆகலாம் என்று சீனியர் அக்காக்கள் சொல்கிறார்கள். அப்பாவோ, "கையெழுத்துப் போட்டா பட்டாளத்துக்கு இழுத்துட்டுப் போயிருவாங்க, அப்புறம் கல்யாணம் காட்சி எப்படி?" என்கிறார். எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. இந்தி சுத்தமாகத் தெரியாது. கண்ணாடி வேறு போட்டிருக்கிறேன். ஒரு பயிற்சி மையத்தில் மூன்று வருடத்துக்கும் சேர்த்து இப்போதே பணம் கட்டினால் சலுகை என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்: சேர்ந்துவிடு அம்மா, அதுவும் இந்த ஆண்டே. கல்லூரி என்சிசி மூன்று ஆண்டுப் பயிற்சி. இரண்டாம் ஆண்டு முடிவில் பி சர்ட்டிஃபிகேட் தேர்வும் மூன்றாம் ஆண்டில் சி சர்ட்டிஃபிகேட் தேர்வும் வரும். உன்னுடையது மூன்று ஆண்டுப் படிப்பு. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று விட்டால் சி சர்ட்டிஃபிகேட்டுக்கு ஆண்டு போதாது. பயிற்சி மையத்துக்கு மட்டும் இப்போது ஒரு ரூபாய்கூடக் கட்டாதே. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அப்பாவின் பயம். அது அவருக்கு மட்டும் உள்ளதல்ல, பல வீடுகளில் இருக்கிறது. என்சிசி 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கும் அமைப்பு. அதில் சேர்ந்த கேடட் ராணுவப் பணிக்குப் போயே தீர வேண்டும் என்ற கடமை எதையும் அந்தச் சட்டம் விதிக்கவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆர்ஓடிசி என்று ஒரு திட்டம் உண்டு. அதில் உதவித்தொகை வாங்கிப் படித்தால் பட்டம் முடிந்ததும் இத்தனை ஆண்டு பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கும். நம் என்சிசியில் அப்படி ஏதும் கிடையாது. மூன்று வருடம் பரேடு போய்விட்டு, சான்றிதழை பீரோவில் வைத்துவிட்டு, வங்கித் தேர்வு எழுதப் போகிறவர்கள்தான் அதிகம். அவர்களை யாரும் தேடி வருவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கடமை இல்லை என்பது போலவே உத்தரவாதமும் இல்லை. என்சிசியில் சேர்ந்ததற்காக எந்தக் கல்லூரியும் உன்னை அதிகாரியாக்கி அனுப்பாது. சீனியர் அக்காக்கள் சொன்னதில் பாதி உண்மை. என்சிசி ஸ்பெஷல் என்ட்ரி என்று ஒரு வழி இருக்கிறது. படை அதிகாரிப் பணிக்காக யுபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ் எழுத்துத் தேர்வை எழுதாமல், நேராக எஸ்எஸ்பி எனப்படும் தேர்வு வாரியத்தின் முன்னால் போய் நிற்கலாம். சி சர்ட்டிஃபிகேட்டில் குறைந்தது பி கிரேடு, பட்டப்படிப்பில் குறைந்தது 50 சதவீதம், வயது 19க்கு மேல் 25க்குள், திருமணமாகாதவர் என்பவை முக்கிய நிபந்தனைகள். ஏப்ரல், அக்டோபர் என்று ஆண்டுக்கு இரண்டு பயிற்சி வகுப்புகள் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறிவிப்பு வரும்.

அக்காக்கள் சொல்லாத பாதி, இடங்களின் எண்ணிக்கை. ஒரு வகுப்புக்கு ஆண்களுக்குச் சில பத்து இடங்கள். பெண்களுக்கு விரல்விட்டு எண்ணிவிடும் அளவுதான் பெரும்பாலும் அறிவிக்கிறார்கள். நாடு முழுவதற்கும் சேர்த்து! எஸ்எஸ்பியில் தேறி, மருத்துவப் பரிசோதனையிலும் தேறி, தகுதிப் பட்டியலில் நாலு பேருக்குக் கீழே பெயர் வந்ததால் வீட்டுக்குப் போன பெண்கள் உண்டு. விண்ணப்பங்கள் குவிந்தால் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே முதல் வடிகட்டலும் நடக்கும். அதனால் 50 என்பது விண்ணப்பம் போடும் தகுதி மட்டுமே. கணிதத்தில் அரியர் வைத்துக்கொண்டு கேம்ப் கேம்ப்பாகச் சுற்றும் கேடட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

ஆகவே இந்த ஒரு கதவை மட்டும் நம்பி நிற்காதே. சிடிஎஸ் தேர்வும் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. அதன் வழியாகப் பெண்கள் போய்ச் சேரும் இடம் சென்னையில் உள்ள ஓடிஏ, அதாவது அதிகாரிகள் பயிற்சி அகாடமி. அதற்கு ஆங்கிலம், பொது அறிவு என இரண்டே தாள்கள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண். கணிதத் தாள் கிடையாது. நீ கணிதப் பட்டதாரி என்பதால் இதைக் கேட்டு வருத்தப்படலாம். மூன்றாம் ஆண்டிலிருந்து இரண்டு வழியிலும் விண்ணப்பம் போடு. எந்த வழியில் போனாலும் நடுவில் இருக்கும் எஸ்எஸ்பி ஒன்றுதான்.

நான் ராணுவப் பணியிலிருந்தபோது சில காலம் ஒரு தேர்வு மையத்தில் ஜிடிஓவாக, அதாவது குழுப்பணிகளை நடத்தி மதிப்பிடும் அதிகாரியாக இருந்தேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஸ்எஸ்பி ஐந்து நாள். ராணுவத்துக்கான மையங்கள் பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ், ஜலந்தர் ஆகிய ஊர்களில் இருக்கின்றன. முதல் நாளே வடிகட்டல். அறிவுத்திறன் வினாக்கள் முடிந்ததும் மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். நாலு நிமிடத்தில் அதை வைத்து ஒரு கதை எழுத வேண்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்லி, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரே கதைக்கு வர வேண்டும். அன்று மதியமே ஏராளமானோர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய்விடுவார்கள். இரண்டு நாள் பயணம் செய்து வந்து அரை நாளில் திரும்புவது கொடுமைதான். ஆனாலும் அது அவமானம் இல்லை. முதல் தடவை ஸ்கிரீன் அவுட் ஆகி, மூன்றாம் தடவை தேறி, இன்று மேஜராக இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

தங்கியவர்களுக்கு அடுத்த நாள் உளவியல் தேர்வு. திரையில் ஒரு சொல் வரும். 15 விநாடிக்குள் மனதில் பட்டதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். இப்படி 60 சொற்கள். பிறகு 60 சூழ்நிலைகள், 30 நிமிடம். 'நீ காட்டு வழியே போகிறாய், உடன் வந்தவருக்குக் கால் முறிந்துவிட்டது, இருட்டுகிறது' என்ற மாதிரி. யோசித்து அலங்கரிக்க நேரமே இருக்காது. அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் மைதானம். கட்டை, பலகை, கயிறு கொடுப்போம். சிவப்பு அடித்த இடத்தைத் தொடாமல், ஒரு பாரத்தோடு குழு முழுவதும் தடையைக் கடக்க வேண்டும். கட்டையோடு பலகையை வைத்துக் கட்டி நீட்டிக்கொள்ளக் கூடாது என்று விதி. எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுவில் இரண்டு பேர் கத்திக்கொண்டே இருப்பார்கள். தலைமைப் பண்பைக் காட்டுகிறார்களாம்! அந்தச் சத்தத்தில், பின்னால் ஒரு பெண் பேசாமல் பலகையைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொண்டு, "முதல்ல கனமானவங்க போங்க, பலகை ஆடாது" என்று உடைந்த ஆங்கிலத்தில் சொல்வாள். குழு அவள் சொன்னபடி நகரும். ஜிடிஓவின் பேனாவும் அவள் எண்ணுக்கு எதிரேதான் நகரும்.

உன் ஆங்கிலத்தைப் பற்றிய பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. இலக்கணப் பிழைக்காக யாரையும் நாங்கள் கழித்ததில்லை. சொல்ல வந்தது அடுத்தவருக்குப் புரியவில்லை என்றால்தான் சிக்கல். லெக்சரெட் என்று ஒரு சோதனை உண்டு. ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்து, மூன்று நிமிடம் தயார் செய்து, மூன்று நிமிடம் பேச வேண்டும். அந்த அளவுக்கு வந்தால் போதும். மூன்று வருடம் இருக்கிறது உனக்கு. தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் ஒரு செய்தியைப் படித்துவிட்டு, தாளை மூடி வைத்து, அதையே உன் சொந்த ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் வாய்விட்டுச் சொல். தங்கையோ தம்பியோ இருந்தால் எதிரே உட்கார வை. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிடிஎஸ் ஆங்கிலத் தாளுக்கு இலக்கணமும் சொல்வளமும் தனியாகப் படிக்க வேண்டும். அது வேறு வேலை.

இந்திக்கு இப்போதே கவலை வேண்டாம். அணிவகுப்புக் கட்டளைகள் எல்லாம் இந்தியில்தான்: 'சாவ்தான்', 'விஷ்ராம்'. ஒரு மாதத்தில் அது காலுக்குப் பழகிவிடும். வெளிமாநிலப் பிள்ளைகளோடு ஒரு கேம்ப் போய் வந்தால் சாப்பாடு கேட்கவும் சண்டை போடவும் தேவையான இந்தி வந்துவிடும். ஓடிஏவில் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கும். மீதியைப் படைவீரர்களோடு இருந்து கற்றுக்கொள்வாய். தமிழ்நாட்டிலிருந்து போன எல்லோரும் அப்படித்தான் கற்றார்கள்.

இனி அந்த மூன்று வருடத்தை எப்படிச் செலவழிப்பது. பரேடுக்கு 75 சதவீத வருகை இல்லாவிட்டால் சான்றிதழ்த் தேர்வே எழுத முடியாது. நீ ஊரிலிருந்து பேருந்தில் வருகிறாய் என்றால், காலைப் பரேடா மாலைப் பரேடா என்று சேரும்போதே கேட்டுக்கொள். மழைநாளில் பேருந்தைத் தவறவிட்டதற்கெல்லாம் ஏஎன்ஓ, அதாவது கல்லூரி என்சிசிக்குப் பொறுப்பான அதிகாரி, இரக்கம் காட்டமாட்டார். பத்து நாள் ஆண்டுப் பயிற்சி முகாம் கட்டாயம் உண்டு. அணிவகுப்பு, .22 ரைஃபிள் சுடுதல், வரைபடம் படித்தல், முதலுதவி, ராத்திரிக் காவல் எல்லாம் அங்கே நடக்கும். பெண் கேடட்டுகளின் முகாமில் பெண் அதிகாரிகளும் பெண் பயிற்றுநர்களும் கூடவே இருப்பார்கள். இதை அம்மாவிடம் மறக்காமல் சொல். சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. சீருடைக்கான தொகையைக் கேடட்டின் வங்கிக் கணக்குக்கே அனுப்பும் முறையும் வந்துவிட்டது.

எல்லோருக்கும் டெல்லி குடியரசு தின முகாம் மீதுதான் கண். தேர்வானால் போய் வா, நல்ல அனுபவம். ஆனால் அதற்கு முன் வரிசையாக நடக்கும் தேர்வு முகாம்கள் ஒரு செமஸ்டரையே விழுங்கிவிடக்கூடும். எந்தப் பாடம் கையைவிட்டுப் போகிறது என்று கணக்குப் பார்த்துவிட்டுப் போ.

என்னைக் கேட்டால், யாருக்கும் வேண்டாத பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள். சிகியூஎம்எஸ் என்று கேடட்டுகளில் ஒரு பதவி உண்டு. பூட்ஸ், பெல்ட், பெரே தொப்பி இருப்பு எண்ணுவது, பரேடு முடிந்ததும் சிற்றுண்டிப் பொட்டலம் கணக்காய் வந்ததா என்று பார்ப்பது, திருப்பித் தராதவர்களைத் துரத்துவது எல்லாம் அவர் தலையில். கேடட்டுகளின் தலைவரான அண்டர் ஆபீசருக்குக் கையில் குச்சி, முன்வரிசையில் இடம், புகைப்படம். சிகியூஎம்எஸ்ஸுக்குத் திட்டு மட்டும்தான். ஆனால் எஸ்எஸ்பி நேர்முகத்தில் "என்சிசியில் என்ன செய்தாய்?" என்று கேட்கும்போது சொல்ல நிஜமான கதை இருப்பது அவரிடம்தான். நாற்பது பொட்டலம் வந்து ஐம்பது பேர் நின்ற அன்று என்ன செய்தாய் என்பதில் உன் முடிவெடுக்கும் திறனும், நேர்மையும், வசவு தாங்கும் மனமும் எல்லாம் வெளியே வந்துவிடும்.

பயிற்சி மையத்தை வேண்டாம் என்றதும் இதனால்தான். எஸ்எஸ்பி உன்னிடம் பார்ப்பது மனப்பாடத்தை அல்ல. ஒரே மையத்தில் படித்த ஐந்து பேர் ஒரே படத்துக்கு ஒரே கதையை எழுதுவார்கள். கதாநாயகன் பெயர்கூட ஒன்றாக இருக்கும். மதிப்பிடுபவர்கள் அந்தக் கதையைப் போன வாரமும் படித்திருப்பார்கள். கடைசி ஆண்டில், அழைப்புக் கடிதம் கைக்கு வந்தபின், சோதனைகளின் முறை பழகுவதற்காக ஒன்றிரண்டு வாரம் எங்கேனும் போவதில் தப்பில்லை. வசதி இல்லையென்றால் அதுவும் அவசியமில்லை. பதினேழு பதினெட்டு வயதில் மூன்று வருடப் பணத்தை முன்கூட்டிக் கேட்பவர்கள் உன் கனவை வைத்து வியாபாரம் செய்கிறார்கள். அப்பா தறியில் நின்று சம்பாதிக்கும் காசு அது. முதல் தடவை எஸ்எஸ்பிக்குப் போக வர ரயில் கட்டணத்தை ராணுவமே தந்துவிடும்.

உடம்பு விஷயத்தில் இப்போதே கவனம் வை. கண்ணாடி போட்டதாலேயே ராணுவத்தின் கதவு மூடிவிடாது. ஓர் அளவு வரை அனுமதி உண்டு. அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பவரையும் நிறப் பார்வையையும் சோதித்து எழுதி வாங்கி வைத்துக்கொள். யாரோ சொன்னார்கள் என்று இப்போது லேசர் சிகிச்சைக்கு ஓடாதே. 20 வயதுக்கு முன் செய்துகொண்டால் அதுவே உன்னைத் தகுதி இழக்க வைக்கும். பச்சை குத்துவதில் இன்று எல்லோருக்கும் ஆசை. முன்கையின் உட்புறம், புறங்கை தவிர வேறு இடத்தில் குத்தியிருந்தால் சிக்கல்தான். ஓட்டத்தை இன்றே ஆரம்பி. 2.4 கிலோமீட்டரை 13 நிமிடத்துக்குள் சிரமமில்லாமல் ஓடும் நிலை வந்தால் மற்றது தானாக வரும். இரத்தசோகை இருக்கிறதா என்றும் ஒரு பரிசோதனை செய்துகொள். நம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பலருக்கு அது இருப்பதே தெரியாது, ஓடும்போது மூச்சு வாங்குவதைச் சோம்பல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தேர்வாகிவிட்டால் எங்கே போவாய்? பரங்கிமலையில் உள்ள ஓடிஏதான். 1962 சீனப் போரில் அதிகாரிகள் பற்றாக்குறை வெளிப்பட்டதையடுத்து 1963இல் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கிய இடம். 1988இல் அகாடமி ஆனது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். பயிற்சி 49 வாரம். செலவு அரசுடையது. பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு. நடுவில் சொந்தக் காரணத்துக்காக விட்டுவிட்டு வந்தால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட நேரிடும். அப்பா பயந்த ஒப்பந்தம் என்று ஏதாவது இருந்தால் அது இங்கேதான் வருகிறது, என்சிசியில் அல்ல. பயிற்சி முடியும் வரை திருமணம் செய்துகொள்ளக் கூடாது. முடிந்தபின் தடையில்லை.

லெப்டினன்ட்டாக வெளியே வருவாய். காலாட்படை, கவசப்படை போன்ற சில பிரிவுகள் பெண்களுக்கு இன்னும் திறக்கவில்லை. பீரங்கிப்படை 2023இல் திறந்தது. கிடைப்பது குறுகிய காலப் பணி: 10 ஆண்டு, விரும்பினால் மேலும் 4 ஆண்டு. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு பெண்களும் நிரந்தரப் பணிக்கு விருப்பம் தெரிவிக்கலாம். எல்லோருக்கும் அது கிடைத்துவிடாது. நிரந்தரப் பணி கிடைக்காமல் 10 அல்லது 14 ஆண்டில் வெளியே வந்தால் பணிக்கொடை வரும், மாதாந்திர ஓய்வூதியம் வராது. இதை ஆள்சேர்ப்புச் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். முப்பதுகளிலேயே இரண்டாவது வேலை தேட வேண்டியிருக்கும். அதற்கு உன் கணிதப் பட்டம் உதவும். அதனால்தான் திரும்பத் திரும்ப மதிப்பெண் மதிப்பெண் என்கிறேன்.

ஒருவேளை நாலு தடவை போயும் எஸ்எஸ்பியில் தேறவில்லை என்று வை. மூன்று வருடத்தில் உடம்பு வலுத்திருக்கும், கூட்டத்தின் முன் பேச்சு வந்திருக்கும், முதுகலையில் சேரவோ காவல் துறைத் தேர்வு எழுதவோ கையில் நல்ல பட்டம் இருக்கும். அந்தக் கணக்கிலும் எனக்கு நஷ்டம் எதுவும் தெரியவில்லை.

அப்பாவிடம் நீயாக வாதாடாதே. கல்லூரி ஏஎன்ஓ உங்கள் பேராசிரியர்களில் ஒருவர்தான். பரேடு நடக்கும் ஒரு நாளில் அப்பாவை அழைத்துப் போய் அவரிடம் பேசச் சொல். பயிற்சி தர வரும் ஹவில்தார் அநேகமாக ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளையாகவே இருப்பார். அப்பாவின் கேள்விகளுக்கு என்னைவிட அவர் நன்றாகப் பதில் சொல்வார். உனக்கு இன்னும் 18 முடியவில்லை என்றால் சேர்க்கைப் படிவத்தில் அப்பாவின் கையெழுத்தும் வேண்டும். சேர்க்கையைச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள், இடங்களும் அளவானவை. இந்த வாரமே அறிவிப்புப் பலகையைப் பார்.